சப்பாத்துக் கயிறு: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு முடிச்சின் வரலாறு

சப்பாத்துக் கயிற்றைத் தானே கட்டிக்கொள்ளப் பிள்ளைகள் பொதுவாக ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் பழகுகிறார்கள். மலேசியாவில் ஏழு வயது என்பது முதலாம் ஆண்டில் சேரும் வயது. காலை ஏழரை மணிக்குள் பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை, விடிந்தும் விடியாத நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு நுனிகளோடு மல்லுக்கட்டும் காட்சி கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தமிழர் வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறைகளாக இருந்து வருகிறது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் பெரும்பாலான வீடுகளில் கட்டுவதற்குக் கயிறும் இல்லை, கயிறு கோத்த சப்பாத்தும் இல்லை. தாத்தாவின் கை அறியாத முடிச்சைப் பேரன் கற்க வேண்டி வந்த கதை, ரப்பர்த் தோட்டங்களோடும் பள்ளிக்கூடங்களோடும் கிள்ளானில் எழுந்த சப்பாத்து ஆலைகளோடும் பின்னிக் கிடக்கிறது.

தமிழரின் பழைய காலணிகளில் முடிச்சுக்கு இடமில்லை. சங்க நூல்கள் 'தொடுதோல்' என்று குறிக்கும் தோல் செருப்பும், துறவிகள் அணிந்த குமிழ் வைத்த மரப் பாதக்குறடும் காலை நுழைத்தால் போதும் என்ற அமைப்பில் உள்ளவை. வெயில் நாட்டில் பாதம் காற்றாட வேண்டும். வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழையுமுன் கழற்றிவிட வேண்டும். இழுத்துக் கட்டி மூடும் காலணி குளிர் நாட்டின் தேவையிலிருந்து பிறந்தது. ஆர்மீனியாவில் அரேனி என்னும் ஊரருகே ஒரு குகையில் கிடைத்த, ஏறத்தாழ 5,500 ஆண்டுப் பழமையுள்ள ஒற்றைச் சப்பாத்து ஒரே தோல் துண்டில் செய்யப்பட்டு, தோல்வாரால் கோத்து இறுக்கப்பட்டது. ஆல்ப்ஸ் மலையில் 1991இல் பனிக்குள்ளிருந்து மீட்கப்பட்ட மனிதன் அதற்குச் சற்றுப் பிந்திய காலத்தவன். அவன் சப்பாத்தில் மரப்பட்டை நாரால் திரித்த கயிறு இருந்தது, உள்ளே குளிருக்குக் காய்ந்த புல் திணித்திருந்தது.

'சப்பாத்து' என்ற சொல்லே போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 'பூட்ஸ்', 'ஷூ' என்ற சொற்கள் அதை ஏறக்குறைய விரட்டிவிட்டன; ஈழத்திலும் மலேசியாவிலும் அது வீட்டுச் சொல்லாகவே நிலைத்திருக்கிறது. பாடநூலில் 'காலணி' என்று அச்சானாலும் அம்மா எடுத்துவரச் சொல்வது சப்பாத்தைத்தான். கயிறு என்ற சொல்லுக்கு மலாய் வழக்கும் துணை நின்றது. மலாயில் அது 'தாலி காசுட்'. 'தாலி' என்றால் அந்த மொழியில் கயிறு. நாடா, வார் என்றெல்லாம் சொல்லாமல் மலேசியத் தமிழர் சப்பாத்துக் கயிறு என்று சொல்வது இரு மொழியும் கலந்து புழங்கும் வீட்டுக்கு இயல்பானது.

காலணிக்குத் தமிழ்நாட்டில் கசப்பான ஒரு வரலாறும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆதிக்கச் சாதியினரின் தெரு வழியே செருப்பணிந்து நடக்கக் கூடாது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருந்தது. நாடு விடுதலை பெற்று நெடுங்காலம் கழிந்த பின்னும் சில ஊர்களில் அது ஒழியவில்லை. மலாயாவுக்குக் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்களில் பலர் அத்தகைய ஊர்களின் சேரிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலில் வெள்ளைச் சப்பாத்து ஏறியதை வெறும் சீருடை விதி என்று கணக்கெழுதிவிட முடியாது.

கிள்ளான் வட்டாரம் ரப்பருக்கு ஏற்ற இடமாக அமைந்ததற்குப் போக்குவரத்து ஒரு காரணம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை நோக்கி 1886இல் ரயில் ஓடத் தொடங்கியது; 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. இன்று அதன் பெயர் போர்ட் கிள்ளான். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் காப்பித் தோட்டங்கள் பால்மரத் தோட்டங்களாக மாறின. காடுகள் புதிதாக அழிக்கப்பட்டன. கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். வந்தவர்கள் லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருந்து, விடியுமுன் எழுந்து, பாலெடுக்க வெறுங்காலோடு மரம் வெட்டப் போனார்கள். 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நியாயக் கூலியாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அதில் சப்பாத்துக்கு ஒதுக்க எதுவும் மிஞ்சாது.

வெறுங்கால் நடை தொழிலாளரின் உடலைத் தின்றது. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஈரமண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். குடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும். கழிப்பிடம் சரியாக இல்லாத லயங்களில் அது எளிதாகப் பரவியது. ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழுவொன்று 1915 முதல் 1917 வரை மலாயாவிலும் அண்டை நாடுகளிலும் தொழிலாளர்களிடையே இந்நோயை ஆராய்ந்தது. காலை மூடினால் புழு ஏறாது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் மருந்து கொடுப்பதும் கழிப்பிடம் கட்டுவதும்தான் தீர்வாகப் பேசப்பட்டன. கூலிக்காரர் காலில் சப்பாத்து என்பது அக்காலத் தோட்ட நிர்வாகங்களின் கணக்கில் வரவே இல்லை. பின்னாளில் மரம் வெட்டுவோருக்கு வாய்த்த சப்பாத்து முழுக்க ரப்பரில் வார்த்த கறுப்புச் சப்பாத்து. சேற்றில் நனைந்தாலும் கழுவி மாட்டிக்கொள்ளலாம், விலை மலிவு, கயிறு கிடையாது. மலேசியா முழுவதும் அதை இன்று 'அடிடாஸ் கம்போங்' என்ற செல்லப்பெயரால் அழைக்கிறார்கள். தோட்டத்துப் பெரியவர்களில் எத்தனையோ பேர் அந்தச் சப்பாத்தை மட்டுமே அணிந்து, வாழ்நாளில் ஒருமுறைகூடச் சப்பாத்துக் கயிறு கட்டாமல் ஓய்வு பெற்றவர்கள்.

நகரத்தில் நிலைமை வேறு. பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு நகரைச் செங்கல்லில் எழுப்ப அந்தச் சூளைகள் தேவைப்பட்டன. பிறகு அது ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாயிற்று. நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர் அங்கே குடும்பத்தோடு வாழ்ந்தனர். அலுவலகம் போகும் தகப்பன் காலில் தோல் சப்பாத்து இருந்தது. மகன்களில் பலர் விக்டோரியா கல்விக்கழகத்துக்கோ மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளிக்கோ போனார்கள். முன்னது 1893இலும் பின்னது 1897இலும் தொடங்கியவை. கிள்ளானில் 1893இல் தோன்றிய ஆங்கிலோ சீனப் பள்ளியும் இந்த வரிசையில் வரும். இந்தப் பள்ளிகளில் காலுறையும் கயிறு கட்டிய சப்பாத்தும் ஆங்கிலக் கல்வியின் அடையாளங்களாக ஒட்டிக்கொண்டன. ஆக, ஒரே பள்ளத்தாக்கில் இருபது மைல் இடைவெளிக்குள், ரயில்வே எழுத்தரின் மகன் சப்பாத்துக் கயிறு கட்டத் தெரிந்தவனாகவும் மரம் வெட்டுபவரின் மகன் சப்பாத்தே அறியாதவனாகவும் வளர்ந்தார்கள். கயிறு கட்டுவதில் பிள்ளைகள் காட்டும் வேகமும் தாமதமும் அறிவைப் பொறுத்தவை என்று நினைப்போருக்கு இந்த வேறுபாடே போதிய பதில். வீட்டில் கயிறு இருந்த பிள்ளை பார்த்துப் பழகியது. இல்லாத பிள்ளை பள்ளியில் சேர்ந்த அன்றுதான் முதலில் தொட்டது.

தோட்டங்களில் பள்ளி வந்தது சட்டத்தின் வற்புறுத்தலால். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், மணலில் எழுதும் பிள்ளைகள் என்ற அளவோடு நின்றது. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ (தோட்ட எழுத்தர்) கங்காணியோ வாத்தியாராக உட்கார்ந்ததும் உண்டு. பிள்ளைகள் வெறுங்காலோடுதான் வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தோட்டப்பள்ளிப் படங்களில் முன்வரிசையில் சம்மணமிட்டிருக்கும் சிறுவர்களின் உள்ளங்கால் வெளியே தெரிவதைக் காணலாம். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் இடம்பெற்றது. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தை அடக்கப் படை வந்தது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர். பிள்ளைகளின் படிப்புக்காகவும் மதிப்போடு நடமாடும் உரிமைக்காகவும் உயிர்ப்பலி கொடுத்த ஊர் கிள்ளான் என்பதை அதன் பள்ளிகளைப் பற்றி எழுதும் எவரும் மறக்கலாகாது.

அதே கிள்ளானில்தான் சப்பாத்து ஆலைகளும் எழுந்தன. செக் நாட்டின் ஸ்லின் நகரில் 1894இல் தொடங்கிய பாட்டா நிறுவனம், 1930களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் கடை திறந்து, 1937இல் கிள்ளானில் ஆலை நிறுவியது. பின்னாளில் 'பல்லாஸ்' சப்பாத்துகளால் மாணவர்களிடையே பெயர் பெற்ற ஃபங் கியோங் ரப்பர் ஆலையும் கிள்ளானைச் சேர்ந்ததே. ஆலைக்கு வேண்டிய ரப்பர் சுற்றியிருந்த மண்ணிலேயே விளைந்தது. துறைமுகமும் ரயிலும் பக்கத்தில் இருந்தன.

இந்த ஆலைகள் செய்த முக்கியமான பொருள் கித்தான் துணிச் சப்பாத்து. துணியை வெட்டித் தைத்து, கால் வடிவ அச்சில் ஏற்றி, அடியிலும் சுற்றிலும் ரப்பர் ஒட்டி, சூடேற்றும் கலத்துக்குள் தள்ளுவார்கள். கந்தகம் கலந்த ரப்பர் அந்தச் சூட்டில் இறுகி, வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் துணியோடு பிடித்துக்கொள்ளும். சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்த வழி இது. மேலே இருபுறமும் துளையிட்டுச் சிறு உலோக வளையங்களைப் பதித்து, பருத்திக் கயிற்றைக் கோத்தால் சப்பாத்து முடிந்தது. தோல் சப்பாத்தைவிட விலை மிகக் குறைவு என்பதால்தான் சாதாரணக் குடும்பங்களுக்கு அது எட்டியது. பள்ளி திறக்கும் காலத்தில் முதலில் பாட்டாவுக்குப் போய்விட்டுப் பிறகு பள்ளிக்குப் போகச் சொல்லும் ஆங்கில விளம்பரம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். இருட்டில் பெற்றோர் வெட்டிய பால், உறைந்து, உருட்டித் தட்டாகி, புகையில் காய்ந்து, பிள்ளையின் காலடியில் திரும்பி வந்தது. அதனுடன் வந்த கயிற்றை எப்படிக் கட்டுவது என்று சொல்லித்தர மட்டும் ஆள் தேட வேண்டியிருந்தது.

மலாயா விடுதலை பெற்ற பிறகு தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் கல்வித் திட்டத்துக்குள் வந்தன. 1970 ஜனவரியில் பள்ளிச் சீருடை நாடு முழுவதற்கும் ஒன்றாக்கப்பட்டது. தொடக்கப்பள்ளிப் பையன்களுக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும், பெண்பிள்ளைகளுக்குக் கருநீலக் கைவைக்காத மேலங்கியும் என்றாயின. எல்லார் காலிலும் வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைக் காலுறை. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளிக்கும் கிள்ளான் சிம்பாங் லிமா தமிழ்ப்பள்ளிக்கும் எங்கோ ஒரு செம்மண் சாலை முடிவில் இருந்த தோட்டப்பள்ளிக்கும் ஒரே விதி. தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சப்பாத்துக் கயிறு கட்டாயப் பாடமானது இந்தக் காலத்தில்தான்.

அந்தப் பாடத்தைச் சொல்லித்தர வேண்டிய பெற்றோர் காலையில் வீட்டில் இருப்பதில்லை. ஐந்து மணி, ஐந்தரை மணிக்குப் பெரட்டு. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வேலைக்காடு பிரித்து அனுப்பிவிடுவார்கள். பால் நன்றாக வடிவது வெயில் ஏறும் முன்தான். பிள்ளை சப்பாத்து மாட்டும் வேளையில் அம்மா ஐம்பதாவது மரத்தில் இருப்பாள். ஆக, அந்த வேலை அக்காவுக்கோ அண்ணனுக்கோ பாட்டிக்கோ வந்து சேர்ந்தது. பாட்டி வாழ்நாளில் சப்பாத்து அணிந்ததில்லை. ஒன்பது வயது அக்கா தனக்குத் தெரிந்த முடிச்சைத் தம்பிக்குப் போட்டுவிடுவாள். சொல்லித்தர நேரமோ பொறுமையோ இருக்காது. பள்ளியில் ஓடி விளையாடும்போது அவிழ்ந்தால் அன்று முழுதும் கயிறு மண்ணில் இழுபடும், அல்லது சப்பாத்துக்குள் திணிக்கப்படும்.

ஆனால் அவை முடிச்சறிவு இல்லாத வீடுகள் அல்ல. பாவாடை நாடாவை ஒரு நுனியை இழுத்தால் அவிழும்படி சுருக்கிட்டுக் கட்டுவது பெண்பிள்ளைகள் நான்கைந்து வயதிலேயே கற்பது. தவறினால் அது கடுமுடிச்சாகி, அம்மா பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டி வரும். ஆடு மாடு கட்டும் கயிறு, பூத்தொடுக்கும் நார், தோரணம், இரட்டைச் சடையை மடித்து ரிப்பனில் பூப்போல விரித்துக் கட்டுவது என்று எத்தனையோ கட்டுகள் அந்த வீடுகளில் அன்றாடம் நடந்தன. ரிப்பன் கட்டும், சப்பாத்துக் கயிற்றின் கட்டும் அமைப்பில் ஒன்றே. இரண்டிலும் இரட்டைக் காது, இரண்டிலும் நுனியை இழுத்தால் அவிழும். அதனால் ரிப்பன் கட்டப் பழகிய அக்காக்கள் சப்பாத்துக் கயிற்றைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ள வழி இருந்தது. தம்பிகளுக்கு அந்த முன்பழக்கம் இல்லை.

பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதைக் கவனித்தால் இந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்று புரியும். இரண்டு நுனியையும் குறுக்கே போட்டு, ஒன்றை மற்றதன் அடியில் நுழைத்து இழுப்பது முதல் கட்டம். அதைப் பெரும்பாலான பிள்ளைகள் சில நாட்களில் பிடித்துவிடும். அடுத்து ஒரு கையால் வளையம் பிடித்து, மறு கையால் கயிற்றை அதைச் சுற்றிக் கொண்டுவந்து, உருவாகும் பொந்துக்குள் கட்டைவிரலால் தள்ள வேண்டும். தள்ளிய மடிப்பை, தள்ளிய கையே இழுக்க முடியாது. முதல் கை தன் வளையத்தை விட்டுவிடாமலே விரல்களை மாற்றி மறுபுறம் வரும் மடிப்பைப் பற்ற வேண்டும். இரண்டு கைகளும் வெவ்வேறு வேலையை ஒரே நொடியில் செய்ய வேண்டிய இந்த இடத்தில்தான் எல்லாம் நழுவிப்போகும். விரல் நுனியில் வலு, உடலின் நடுக்கோட்டைத் தாண்டிக் கைகள் மாறிமாறிப் போகும் பழக்கம், அடுத்தது என்ன என்ற வரிசை நினைவு ஆகிய மூன்றும் அந்த வயதில் இன்னும் முதிர்ந்துகொண்டிருப்பவை.

சொல்லித்தருவோர் அறியாமல் செய்யும் ஒரு தவறும் உண்டு. பிள்ளைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து கட்டிக் காட்டினால், பிள்ளைக்கு எல்லாம் இடம் வலமாகத் தெரியும். பின்னால் உட்கார்ந்து, பிள்ளையின் தோளுக்கு மேலாகக் கை நீட்டிக் காட்டினால் அந்தக் குழப்பம் வராது. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கோ எதிரே உட்கார்ந்து காட்டுவதே எளிது. வளையத்தைச் சுற்றும் வித்தை பிடிபடாத பிள்ளைக்கு, இரண்டு நுனியையும் இரண்டு முயல் காதாக மடித்து, அவற்றையே முடிச்சுப் போடச் சொல்லும் முறையும் உண்டு. கிடைக்கும் கட்டு இரண்டிலும் ஒன்றே.

ஒழுங்காகக் கட்டியும் அவிழ்ந்துவிடுகிறது என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் திசை. முதல் முடிச்சை வலமிருந்து இடமாகப் போட்டால், இரண்டாவதை இடமிருந்து வலமாகப் போட வேண்டும். அப்போது காதுகள் சப்பாத்தின் குறுக்கே நேராகப் படுக்கும். இரண்டையும் ஒரே திசையில் போட்டால் காதுகள் சாய்ந்து, நீளவாக்கில் திரும்பி நிற்கும். அந்தக் கட்டு சீக்கிரம் தளரும். மலேசியச் சாரணர்கள் 'புக்கு சிலா' என்ற மலாய்ப் பெயரால் கற்கும் முடிச்சின் தத்துவமும் இதுவே. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயந்திரவியல் ஆய்வாளர்கள் மூவர் 2017இல் இதை அளந்து வெளியிட்டனர். ஓடும்போது பாதம் தரையில் அறையும் அதிர்ச்சி புவியீர்ப்பைப்போல் ஏழு மடங்கு வரை போகிறது. அது முடிச்சை நெகிழ்த்துகிறது, கால் வீசும் வேகத்தில் தொங்கும் நுனிகள் அதை வெளியே இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் சில அடிகளிலேயே கட்டு அவிழ்கிறது. நுனி நீளமாக இருந்தால் இழுப்பு கூடும். வளரும் காலுக்கு என்று ஓர் அளவு பெரிதாகச் சப்பாத்து வாங்கிக்கொடுத்து, தளர்வைக் குறைக்கக் கயிற்றை ஒட்ட இறுக்கிய வீடுகளில் நுனிகள் நீளமாகத்தான் தொங்கின. ஓடும் பிள்ளையின் கயிறு அவிழ்ந்ததற்குப் பிள்ளையைத் திட்டிய பெரியவர்கள் ஏராளம். பழி சேர வேண்டிய இடம் வேறு.

வெள்ளைச் சப்பாத்து இன்னொரு வேலையையும் கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து வந்ததும் கயிற்றை உருவி எடுத்து, சப்பாத்தைத் தேய்த்துக் கழுவி, வேலியில் அல்லது சுவரோரம் சாய்த்துக் காயவைக்க வேண்டும். செம்மண் கறை எளிதில் போகாது. ஈரம் முழுதும் உலருமுன் வெள்ளைச் சாயம் பூசினால் மேடுபள்ளமில்லாமல் பிடிக்கும். மலாயில் அதற்குக் 'காப்பூர் காசுட்' என்று பெயர். மழைக்காலமானால் அடுப்பருகே வைத்தும் குளிர்பதனப் பெட்டியின் பின்புறச் சூட்டில் வைத்தும் உலர்த்துவார்கள். கயிறு தனியே சோப்பு நீரில் ஊறும். ஞாயிறு இரவு அதைத் திரும்பக் கோப்பது பிள்ளையின் வேலை. கீழ்த்துளையில் தொடங்கி, இரண்டு பக்கமும் சம நீளம் வரும்படி இழுத்து, குறுக்கும் நெடுக்குமாக மேலேற்ற வேண்டும். ஒரு துளை தவறினால் கடைசியில் ஒரு நுனி முழமும் மறுநுனி சாணுமாக நிற்கும். எல்லாவற்றையும் உருவி மறுபடி தொடங்க வேண்டும். நுனியில் உள்ள பிளாஸ்டிக் உறை சில துவையல்களில் கழன்றுவிடும். பிறகு நூல் பிரிந்து துளையில் நுழையாது. மெழுகுவர்த்தியில் தோய்த்தோ, எச்சில் தொட்டு முறுக்கியோ, நூல் சுற்றியோ அதைக் கூராக்குவார்கள். கட்டத் தெரியாத பிள்ளையும் கோக்கத் தெரிந்திருந்தது இந்த வாராந்தர வேலையால்தான். விரல்களுக்கு அது தந்த பயிற்சியை யாரும் பயிற்சி என்று எண்ணவில்லை.

கயிறு கட்டும் பழக்கம் மலேசியாவில் ஆழமாக வேர்விடாததற்கு இன்னொரு காரணம் வாசற்படி. தமிழர், மலாய்க்காரர், சீனர் எவர் வீட்டிலும் சப்பாத்து உள்ளே போகாது. கோயில், சூராவ் எனப்படும் முஸ்லிம் தொழுகையிடம், பல பள்ளிகளில் நூலகமும் கணினி அறையும்கூட வெறுங்கால் இடங்கள். ஒரு நாளில் நாலைந்து முறை கழற்றி மாட்ட வேண்டிய பிள்ளை ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் கட்டுமா? ஒருமுறை தளர்வாகக் கட்டிவிட்டு, அதை அவிழ்க்காமலே காலை நுழைத்து உருவிக்கொள்ளும். அவசரத்தில் குதிகால் பகுதியை மிதித்து மடித்து, செருப்புப்போல் இழுத்துக்கொண்டு நடக்கும். மிதிபட்டு மடங்கிய குதிகாலைக் கண்டு கட்டொழுங்கு ஆசிரியர்கள் கண்டிப்பது அன்றாட நிகழ்ச்சி. கயிறு கட்டிய சப்பாத்தை நாளெல்லாம் கழற்றாத நாட்டின் காலணி, கழற்றுவதே மரியாதை என்ற நாட்டுக்கு வந்ததில் நேர்ந்த முரண் இது. தாம் அணிவதைச் செருப்பாக்கிக்கொண்ட பிள்ளைகள் தம் பாட்டன் வழியில்தான் நடந்தார்கள்.

எவ்வளவு பழகியும் கட்ட முடியாத பிள்ளைகளும் உண்டு. உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் பள்ளி வயதினரில் 5 முதல் 6 விழுக்காடு என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. பொத்தான் போடுவது, எழுதுவது, பந்து பிடிப்பது எல்லாமே அவர்களுக்குக் கடினம். அறிவில் குறை கிடையாது. முந்தைய தலைமுறையில் இத்தகைய பிள்ளைக்குச் சோம்பேறி, மக்கு என்ற பட்டங்களே கிடைத்தன. அந்தப் பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கு இழைத்தது அநீதி என்று இன்று தயங்காமல் சொல்லலாம். பயிற்சியாளர்கள் இப்போது வேலையைச் சிறு துண்டுகளாக்கி, கடைசிப் படியை முதலில் பழக்குகிறார்கள். பெரியவர் எல்லாம் கட்டித் தர, பிள்ளை இறுதி இழுப்பை மட்டும் இழுக்கும். பிறகு அதற்கு முந்தைய படி. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த நிறைவு பிள்ளைக்கே கிடைக்கிறது. இரண்டு நிறக் கயிறு கட்டிப் பழக்குவதும் உதவுகிறது. கண் இதற்கு இன்றியமையாதது அல்ல. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இயங்குகிறது. பார்வையற்றோர் கயிறு கட்டுவதைத் தொடுவுணர்வாலேயே கற்கிறார்கள். பார்வையுள்ளவர்களும் பழகிய பிறகு குனிந்து பார்க்காமல்தான் கட்டுகிறார்கள்.

1980களிலும் 1990களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் ஆயின. 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலமே பழைய தோட்ட நிலத்தில் எழுந்த நகரம். லயத்துக் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் தரைவீடுகளுக்கும் பெயர்ந்தன. பெற்றோர் தொழிற்சாலை முறைவேலைக்குப் போனார்கள். பதின்ம வயதினரிடையே 'பல்லாஸ் ஜாஸ்' சப்பாத்து ஆசைப்பொருளாக இருந்த காலம் இது. கயிறு கட்டுவது தொல்லை என்ற நிலை மாறி, எப்படிக் கோப்பது, எந்தப் பக்கம் நுனியை மறைப்பது என்பதில் மாணவர்கள் போட்டியிட்டார்கள்.

ஒட்டுப்பட்டை வைத்த சப்பாத்து வந்ததும் இந்த வரலாறு திரும்பியது. சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், 1941இல் வேட்டைக்குப் போய்வந்தபோது நாயின் மயிரில் ஒட்டிய முட்காய்களைப் பார்த்துச் சிந்தித்து, 1950களில் காப்புரிமை பெற்றது அந்தப் பட்டை. 1968இல் பூமா நிறுவனம் அதை விளையாட்டுச் சப்பாத்தில் பொருத்தியது. மலேசியாவில் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் தொடங்கி, தொடக்கப்பள்ளியின் கீழ் வகுப்புகளுக்கும் அது ஏறிவிட்டது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலையில் ஐந்து நிமிடம் மிச்சமாவது சிறிய விஷயமல்ல.

வெள்ளைச் சப்பாத்தின் காலமும் முடிவுக்கு வந்தது. 2018 ஜூலையில் அப்போதைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக் கறுப்புச் சப்பாத்துக்கு மாறும் முடிவை அறிவித்தார். பெற்றோரின் வாராந்தரச் சுமையைக் குறைப்பதே நோக்கம். கையிலுள்ள வெள்ளைச் சப்பாத்து வீணாகிவிடும் என்ற கவலை எழுந்ததால், 2019இல் தொடங்கி 2021இல் முழுமையாக நடைமுறைக்கு வரும்படி அவகாசம் தரப்பட்டது. இடையில் கொரோனா வந்து, 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. அந்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் வாங்கிய சப்பாத்தை மாதக்கணக்கில் தொடாமலே படித்தார்கள். பள்ளிச் செலவுக்கு அரசு 2012இல் ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கத் தொடங்கிய 100 வெள்ளி, 2023இல் 150 வெள்ளியாயிற்று. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பள்ளி திறக்கும் வாரங்களில் அந்தப் பணத்தில் ஒரு பகுதி சப்பாத்தாகிறது. கறுப்புக்குச் சாயம் வேண்டாம், வாரந்தோறும் கழுவவும் வேண்டாம். கயிறு உள்ள சப்பாத்திலும் அது மாதக்கணக்கில் உருவப்படாமலே கிடக்கிறது. ஞாயிறு இரவுக் கோப்பு நின்றுவிட்டது.

கயிறு இன்று பிள்ளைகளை மறுபடி சந்திப்பது இடைநிலைப்பள்ளியில். புறப்பாட நடவடிக்கையில் ஒவ்வொரு மாணவரும் ஒரு சீருடை இயக்கத்தில் சேர வேண்டும். சாரணர், செயின்ட் ஜான் முதலுதவிப் படை, காவல்துறை இளம்படை ஆகியவற்றின் அணிவகுப்புகளில் கயிறு கட்டிய கறுப்புச் சப்பாத்து மினுங்க வேண்டும். ஆறு ஆண்டும் ஒட்டுப்பட்டையோடு தொடக்கப்பள்ளியை முடித்துவந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை, திடலோரம் குந்தி உட்கார்ந்து, மூத்த மாணவர் பக்கத்திலிருந்து காட்டக் காட்ட முதல் காதை மடிக்கிறது. தோட்டத்தில் அக்காவுக்கு இல்லாத நேரம் அந்த மூத்த மாணவருக்கு இருக்கிறது. 'புக்கு சிலா' முடிச்சைக் கயிற்றுத் துண்டில் பழகிய அதே மாலையில் சப்பாத்துக் கட்டும் கைக்கு வந்துவிடுகிறது.